எட்டு டெராவும் ஒரு மாவுக்கட்டும்

திங்கட்கிழமை காலை, மனைவி அலுவலகத்துக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, கணினி "இடம் இல்லை" என்றது.

லிஃப்ட் மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். அப்போதும் இடம் இல்லை என்றுதான் இருந்தது.

"எட்டு டெரா டிஸ்க்கு. நேத்துதான் ஃபார்மட் பண்ணேன். அதுக்குள்ள எப்படி?"

"நிறைஞ்சிடுச்சா?" என்று வாசலிலிருந்து கேட்டாள் மனைவி.

"எங்க நிறைஞ்சுது? தொண்ணூத்திரண்டு சதவீதம் காலி. ஆனா இடம் இல்லையாம்."

"எங்கேயோ இடிக்குதே."

"அதான். எங்க இடிக்குதுன்னு பாக்கணும்," என்றார் மெக்கானிக். குரலில் கவலை பாதி, சந்தோஷம் பாதி. மனைவி அதைக் கவனித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மெக்கானிக்கின் இடது காலில் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. இருபது வருடமாகப் பதினெட்டு மாடி, இருபது மாடி என்று லிஃப்ட் குழிகளுக்குள் தொங்கியவர். ஒரு சிராய்ப்புகூடப் பட்டதில்லை. வீட்டு அழைப்புமணி ஏன் ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை அடிக்கிறது என்று பார்க்க முக்காலியில் ஏறினார், விழுந்தார். ஆறு வாரம் ஓய்வு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஓய்வு வீட்டில் மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. முதல் வாரத்திலேயே மிக்சி, சுவர்க் கடிகாரம், சலவை இயந்திரம் என்று வரிசையாகத் திறந்துவிட்டார். எதையும் திறந்து பார்த்தால்தான் அவருக்கு அது அங்கே இருப்பதாகவே தோன்றும். உதவிக்கு வந்திருந்த மாமியாரின் ரத்த அழுத்த மெஷினையும் விட்டுவைக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் யார் கையில் கட்டினாலும் அது ஒரே அளவைத்தான் காட்டியது.

அப்படி இருக்கும்போதுதான் சனிக்கிழமை மாலை மனைவி இரண்டு டிஸ்க்குகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

மனைவிக்கு வரைபட நிறுவனத்தில் வேலை. விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஒட்டி, ஓர் ஆற்றின் முழு நீளத்துக்கும் வரைபடம் செய்யும் வேலையில் பதினொரு மாதமாக மூழ்கியிருந்தாள். வெள்ளம் வந்தால் எந்தத் தெரு முதலில் முழுகும் என்பதை இனிமேல் அதைப் பார்த்துத்தான் சொல்வார்களாம். நல்லபடியாக முடிந்தால் அவளைக் குழுத் தலைவி ஆக்குவதாகப் பேச்சு. வீட்டுக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் ஏறியதே அந்த வரைபட வேலைக்காகத்தான்.

"இதுல ஆத்துப் படமெல்லாம் இருக்கு. இது காலி," என்றாள். "காலி டிஸ்க்கை ஃபார்மட் பண்ணி, படத்தை அதுல காப்பி பண்ணி, சின்னச் சின்ன சதுரமா வெட்டி, அதையும் அதுலயே போடணும். வெட்டற புரோகிராம் நம்ம மெஷின்லயே இருக்கு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆபீஸ் டிரைவர் வந்து வாங்கிட்டுப் போவார். உங்களால முடியுமா?"

மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த ஐந்து கால்விரல்களும் நிமிர்ந்தன. பதினொரு மாத உழைப்பைத் தூக்கி இப்படி மடியில் வைக்கிறாளே என்று மெக்கானிக்குக் கண் கலங்காத குறைதான். "முடியுமாவா? என்ன கேள்வி இது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தார். பெரிய டிஸ்க்காக இருந்தாலும் ஒரே ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் இரண்டு நிமிடத்தில் ஃபார்மட் ஆகிவிடும். மற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மெக்கானிக் கையேட்டைத் திறந்தார்.

திறந்தவருக்கு உலகம் மறந்துபோயிற்று. அந்த ஒரு வரிக்குப் பின்னால் சேர்த்துக்கொள்ள எத்தனை எத்தனை விருப்பங்கள்! ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் ஒரு பதிவு வேண்டுமாம். அதற்கு ஐநோடு என்று பெயர். மொத்தம் எத்தனை ஐநோடு என்பதை ஃபார்மட் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அப்புறம் கெஞ்சினாலும் கூட்ட முடியாது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவாகவே இருபத்து நாலு கோடி ஐநோடுகளை ஒதுக்கிக்கொள்ளும். அதற்கே அறுபது ஜிபி போய்விடும்.

"அறுபது ஜிபி! கேக்க ஆள் இல்லைன்னு நினைச்சுட்டானுங்களா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

மேலும் படித்தார். மொத்த இடத்தில் ஐந்து சதவீதத்தை நிர்வாகிக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவார்களாம். நானூறு ஜிபி.

"யாருங்க அந்த நிர்வாகி?" என்று மனைவி கேட்டாள்.

"இந்த மெஷின்லயா? நான்தான்."

"உங்களுக்கு எதுக்கு நானூறு ஜிபி?"

நியாயமான கேள்வியாகப் பட்டது. நிர்வாகியின் பங்கைப் பூஜ்யமாக்கினார்.

அடுத்து ஐநோடு. ஆற்றுப் படங்கள் இருந்த டிஸ்க்கைத் திறந்து பார்த்தார். இருநூறு படம். ஒவ்வொன்றும் மூன்று ஜிபி. யானை யானையாக நின்றன. லிஃப்ட்டில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு எதைப் பார்த்தாலும் முதலில் எடைதான் கண்ணில் படும். கையேட்டில் பெரிய ஃபைல்களுக்கென்றே ஒரு விருப்பம் இருந்தது. நாலு எம்பிக்கு ஓர் ஐநோடு. மொத்தம் பத்தொன்பது லட்சம். இருநூறு படத்துக்குப் பத்தொன்பது லட்சம் போதாதா என்ன? என்டரைத் தட்டினார், படங்களைக் காப்பி செய்தார், வெட்டும் புரோகிராமை ஓடவிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்.

அந்த நிம்மதிதான் திங்கட்கிழமை காலை "இடம் இல்லை" என்று பல்லைக் காட்டியது.

மாமியார் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்தபின் அவருக்குச் சமையலறையில் கை ஓடவில்லை.

"மாப்பிள்ளை, எனக்கு ஒண்ணு புரியலை. பீரோ காலியா இருக்கு. ஆனா துணி வைக்க இடம் இல்லைங்கறீங்க."

மெக்கானிக் அதற்குள் ஐநோடு கணக்கைக் கேட்டுப் பார்த்திருந்தார். பத்தொன்பது லட்சத்துச் சொச்சமும் தீர்ந்து, மீதி சைபர் என்று காட்டியது.

"அத்தை, லிஃப்ட்டுக்குள்ள ஒரு தகடு இருக்குமே, பாத்திருக்கீங்களா? எட்டுப் பேர், ஐநூத்து நாப்பது கிலோன்னு?"

"பாத்திருக்கேன். நான் ஏறினா எல்லாரும் தகட்டைப் பாத்துட்டு என்னைப் பாப்பாங்க."

"இந்த டிஸ்க்கு எடையையும் பாக்குது, தலையையும் எண்ணுது. நான் எடையை மட்டும் யோசிச்சேன். ஒரு படத்தை வெட்டினா ஆயிரக்கணக்குல துண்டு வருது. துண்டு ஒவ்வொண்ணும் ஒரு தலை. எட்டே எட்டு கைக்குழந்தை ஏறினதும் 'ஆச்சு, கதவைச் சாத்து'ங்குது இது."

"கைக்குழந்தையை யாரு தனியா லிஃப்ட்ல ஏத்தினது?"

"ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன், அத்தை."

"உதாரணத்துக்குக்கூட அப்படி விடக் கூடாது, மாப்பிள்ளை."

மெக்கானிக் மனைவிக்கு போன் போட்டார்.

"மொத்தம் எத்தனை சதுரம் வரும்?"

"இருபத்து நாலு லட்சம்."

"ஒண்ணு எவ்வளவு இருக்கும்?"

"இருபது கேபி இருக்கும்."

"இதை நீ முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கவே இல்லையே," என்றாள். பிறகு ஆர்வமாக, "இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

என்ன பண்ணுவது? எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஃபார்மட் செய்ய வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் இரண்டாம் தடவை தப்பு நடக்கக் கூடாது என்று மெக்கானிக் உறுதியாக இருந்தார். திங்கட்கிழமை முழுவதும் கையேட்டைப் படித்தார். டிஸ்க்கில் பழுதான இடம் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு ஃபார்மட் செய்ய ஒரு விருப்பம் இருந்தது. வரியில் அதற்கான எழுத்தை ஒரு தடவை போட்டால் மேலோட்டமான சோதனை. இரண்டு தடவை போட்டால் ஒவ்வோர் இடத்திலும் எழுதிப் பார்த்து, எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்க்கும் சோதனை.

பாரம் ஏற்றிப் பார்க்காமல் அவர் எந்த லிஃப்ட்டையும் ஆட்களுக்குத் திறந்துவிட்டதில்லை. இரண்டு தடவை போட்டார். மாலை ஆறரை மணிக்கு ஓடத் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை காலை, குளியலறையிலிருந்து வந்தவரை மாமியாரின் குரல் வரவேற்றது.

"மாப்பிள்ளை! தொண்ணூத்தொம்பது போட்டிருக்கு! வாங்க, வாங்க!"

ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அவர் வந்து சேர்வதற்குள் மாமியார் எழுந்து நின்றுவிட்டார்.

"நூறு வந்துச்சு. என் கண்ணால பாத்தேன். இப்ப சைபர் காட்டுது. சத்தியமா நான் எதையும் தொடலை."

மெக்கானிக் திரையைப் படித்தார். எழுதி முடித்தாயிற்று, இனி எழுதியதைப் படித்து ஒப்பிடப் போகிறேன் என்றது. கையேட்டில் இந்த இடத்தை ஏன் படிக்காமல் விட்டோம் என்று தேடிப் பார்த்தார். நாலு விதமான எழுத்தாம். நாலு தடவை எழுதி, நாலு தடவை படிக்குமாம். ஆக எட்டு நூறு. ஒரு நூறுக்குப் பன்னிரண்டு மணி நேரம். விரல் விட்டு எண்ணினார். சோதனை முடிவது வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு. டிரைவர் வருவது நாலு மணிக்கு.

"நிறுத்தித்தான் ஆகணும்," என்றார்.

மனைவி பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். "ஓடட்டுமே. பாக்க நல்லாத்தானே இருக்கு?"

இந்த நிலைமையிலும் இவளுக்கு வேடிக்கை பேசத் தோன்றுகிறதே, நம் மனசு தளரக் கூடாது என்றுதானே இப்படிப் பேசுகிறாள் என்று மெக்கானிக் நெகிழ்ந்துபோனார். சோதனையை நிறுத்தினார்.

இப்போது ஐநோடு விஷயத்தில் அவருக்குச் சூடு கண்ட பூனையின் பயம். குறைவாக வைத்துத்தானே மாட்டிக்கொண்டோம்? இந்தத் தடவை நாலு கேபிக்கு ஒன்று என்று வைத்தார். ஃபார்மட் ஆகி முடிந்ததும் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தார். அரை டெராவைக் காணவில்லை.

"ஐநோடு பட்டியலுக்கே அரை டெரா போயிடுச்சு, அத்தை."

"மொத்தம் எத்தனை ஆச்சு?"

"கிட்டத்தட்ட இருநூறு கோடி."

"இருபத்து நாலு லட்சம் பேர் வர்ற இடத்துல எதுக்கு மாப்பிள்ளை இருநூறு கோடி நாற்காலி?"

அப்படியே விட்டிருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். ஏழரை டெரா மிச்சம் இருந்தது; தேவைப்பட்டது ஒரு டெராகூட இல்லை. ஆனால் அந்த ஆளில்லாத நாற்காலிகள் மெக்கானிக்கை விடவில்லை. சாப்பிடும்போது வந்தன, படுக்கும்போது வந்தன. அறுபது ஜிபிக்கே சண்டை போட்டவர், அரை டெராவை எப்படிச் சும்மா விடுவார்?

புதன்கிழமை காலை விடை கிடைத்தது. எக்ஸ்எஃப்எஸ் என்று வேறொரு வகை ஃபார்மட். அதில் ஐநோடுகளை முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டாம். ஃபைல் வர வர அதுவே போட்டுக்கொள்ளும்.

"ஆள் வர வர நாற்காலி போடுவாங்களாம், அத்தை!"

"இதைத்தானே நான் நேத்தே கேட்டேன்?" என்றார் மாமியார்.

மெக்கானிக்குக் கை பரபரத்தது. இருந்தாலும் நிதானமாகச் செய்ய வேண்டும் என்று, இரண்டு டிஸ்க்கையும் கணினியிலிருந்து கழற்றி, சூடாகியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. திருப்பி மாட்டினார். கட்டளையை அடித்தார்.

"இந்த டிஸ்க்கில் ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கிறது," என்று கணினி மறுத்தது. "பரவாயில்லை என்றால் வற்புறுத்துங்கள்" என்று அதற்கு ஓர் எழுத்தையும் சொல்லிக் கொடுத்தது.

இருக்கத்தானே செய்யும்? நேற்றுப் போட்ட இருநூறு கோடி நாற்காலி அங்கேதானே கிடக்கிறது? லிஃப்ட் மெக்கானிக்குகளிடம் ஒரு சாவி உண்டு. கதவு சரியாக மூடவில்லை, நகர மாட்டேன் என்று லிஃப்ட் அடம்பிடிக்கும்போது, அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பினால் சொன்னபடி கேட்கும். அந்த ஓர் எழுத்தை அவர் அப்படிப்பட்ட சாவியாகத்தான் பார்த்தார். போட்டார். கணினி சொன்னபடி கேட்டது. பத்து நொடிகூட ஆகவில்லை.

"இவ்வளவுதான்!" என்றார் பெருமையாக.

படங்களைக் காப்பி செய்யலாம் என்று ஆற்றுப் படங்கள் இருந்த டிஸ்க்கைத் திறந்தார். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது.

மற்றதைத் திறந்தார். இருநூறு கோடி நாற்காலியும் அப்படியே இருந்தன.

கணினி டிஸ்க்குக்குப் பெயர் வைப்பது, எது முதலில் மாட்டப்படுகிறதோ அதைப் பார்த்து. முதலில் மாட்டியது பி, அடுத்தது சி. கட்டளையில் அவர் அடித்தது, நேற்றுக் காலி டிஸ்க்குக்கு இருந்த பெயரை. சூடு பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டும்போது மெக்கானிக் முதலில் எதை மாட்டினார் என்பதை அவரே யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. யோசித்தார்.

"என்ன மாப்பிள்ளை, என்ன ஆச்சு?"

"அத்தை… ஆத்துப் படம் அழிஞ்சிடுச்சு."

"எந்தப் படம்?"

"எல்லாமே. எது இருந்துச்சோ அதை நான்தான்…"

மாமியார் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மெக்கானிக் குடித்தார். பதினொரு மாதமாக அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு கரையாக, ஒவ்வொரு மதகாக ஒட்டவைத்த ஆறு. ஒரே ஓர் எழுத்தில் போய்விட்டது. மத்தியானம் முழுக்க, அழிந்ததை மீட்கும் புரோகிராம்கள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். முக்கால் படமும் அரைப் படமுமாக மூன்று கிடைத்தன. மூன்றிலும் ஆறு இல்லை, வயல்தான் இருந்தது.

மாலையில் மனைவி வந்து காபியோடு உட்கார்ந்ததும், எதிரில் போய் நின்றார். ஊன்றுகோலோடு நின்றால் மன்னிப்புக் கேட்பது சரியாக வராது என்று அதைச் சுவரில் சாத்திவிட்டு ஒற்றைக் காலில் நின்றார்.

"உன் படத்தை நான் அழிச்சுட்டேன்."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "புது டிஸ்க்லயா?"

"புதுசுலயும் போச்சு. பழசுலயும் போச்சு."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

மனைவி காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. மெக்கானிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் இப்படி அழுது அவர் பார்த்ததில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "பரவாயில்லைங்க. ஆபீஸ்ல இன்னொரு காப்பி இருக்கும். நாளைக்குக் கொண்டு வரேன்."

"திட்டாவது திட்டேன்."

"எதுக்குத் திட்டணும்? நாலு நாளா எவ்வளவு மெனக்கெடறீங்க. முதல்ல உக்காருங்க, விழுந்து வைக்கப் போறீங்க."

அவள் எழுந்து உள்ளே போனதும் மாமியார் பின்னாலேயே போனார். சமையலறையிலிருந்து பேச்சு கேட்டது.

"ஏண்டி, ராப்பகலா உழைச்ச உழைப்பு. நாளை மறுநாள் டிரைவர் வந்து நிப்பான். நீ என்னடான்னா கல்லு மாதிரி இருக்கே?"

"அவர் பாத்துப்பாரும்மா."

"அவர் பாத்த லட்சணம்தான் தெரியுதே!"

மெக்கானிக் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமியார் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவள் சொன்ன 'அவர் பாத்துப்பார்' அவரை உலுக்கிவிட்டது. இத்தனைக்கும் பிறகு நம்புகிறாள். இந்தத் தடவை மட்டும் சொதப்பினால் தனக்கு மன்னிப்பே கிடையாது என்று சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை பகலெல்லாம் கையேடு திரையில் திறந்தே கிடந்தது. இன்னும் படிக்காத விருப்பங்கள் எத்தனையோ இருந்தன. அதில் ஒன்று எதற்கென்றே புரியவில்லை. அதை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தால் என்ன என்று கை அரித்தது. கையை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டார். அதாவது, நாள் முழுக்க அவருக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தார்.

மாலையில் மனைவி இன்னொரு டிஸ்க் கொண்டுவந்தாள். மெக்கானிக் அதன் வாலான வயரில் சிவப்பு நாடா சுற்றினார். காலி டிஸ்க்கின் வாலில் பச்சை. எந்த டிஸ்க் எந்தப் பெயரில் இருக்கிறது என்று மூன்று தடவை வாய்விட்டுப் படித்தார். மாமியார் ஒவ்வொரு தடவையும் "ஆமா" என்றார்.

பிறகு, எக்ஸ்எஃப்எஸ் வேண்டாம், இருநூறு கோடி நாற்காலி வேண்டாம், சோதனை வேண்டாம், நிர்வாகியின் பங்கில் கைவைக்க வேண்டாம் என்று, விருப்பம் எதுவும் கொடுக்காமல் வெறும் ஒரே வரியை அடித்து என்டர் தட்டினார். ஞாயிற்றுக்கிழமையே அடித்திருக்க வேண்டிய வரி.

இரண்டு நிமிடம். முடிந்தது. அறுபது ஜிபி போனது. போகட்டும் என்றார்.

"இவ்வளவுதானா?" என்று மனைவி கேட்டாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது போல அவருக்குத் தோன்றியது.

"இவ்வளவுதான்."

இரவு தூங்கும் முன் படங்கள் காப்பி ஆகி முடிந்தன. வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வெட்டும் புரோகிராம் ஓடத் தொடங்கியது. மனைவி அலுவலகம் போனாள். மெக்கானிக்கும் மாமியாரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பத்து லட்சம். பதினைந்து லட்சம். பத்தொன்பது லட்சத்தை நெருங்கும்போது மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது தாண்டியது. இருபதும் தாண்டியது. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருபத்து நாலு லட்சமும் வெட்டி முடிந்தது.

மெக்கானிக் ஏதோ ஒரு சதுரத்தைத் திறந்து பார்த்தார். ஆறு வளைகிற இடம். தண்ணீருக்கு நடுவில் அரிசி அளவில் ஒரு படகு. அதில் யாரோ நிற்பது போலக்கூட இருந்தது. பக்கத்துச் சதுரத்தில் கரை. அதற்கடுத்ததில் ஒரு பாலம். இப்படி இருபத்து நாலு லட்சம் வைத்திருக்கிறாளா என்று, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி நேரம் போய்க்கொண்டே இருந்தார். அவள் பதினொரு மாதமாக எங்கே இருந்தாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, அதை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டியை நாலு பக்கமும் ஒட்டி, மேலே "தலைகீழாக வைக்காதே" என்று எழுதினார்.

சரியாக நாலு மணிக்கு அழைப்புமணி அடித்தது. டிரைவர் வாசலில் நின்றான். அவன் பார்வை முதலில் மாவுக்கட்டுக்குப் போனது, பிறகு பெட்டிக்கு.

"மேடம் டிஸ்க் வாங்கிட்டு வரச் சொன்னாங்க சார்."

"தெரியும். இந்தாப்பா." மெக்கானிக் பெட்டியைக் கொடுத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. "குலுக்காதே. வெயில்ல வைக்காதே. சீட்டுல வெச்சு பெல்ட்டு போட்டுடு."

"சரிங்க சார். உள்ள இருந்ததெல்லாம் அழிச்சாச்சுங்களா?"

மெக்கானிக்குக் கையிலிருந்த ஊன்றுகோல் நழுவியது. பின்னால் நின்ற மாமியார்தான் பிடித்துக்கொண்டார்.

"அழிக்கறதா? என்னப்பா பேசறே? அந்த ஆத்து வரைபடம் முழுக்க இதுலதான் இருக்கு. பதினொரு மாச உழைப்பு. இதை நம்பித்தான் உங்க மேடமே இருக்காங்க!"

டிரைவர் தலையைச் சொறிந்தான். பெட்டியை மெதுவாக வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"ஆத்து மேப்பை மேடம் போன வாரமே ஒப்படைச்சுட்டாங்களே சார், இந்த டிஸ்க்கை நான் இப்ப எங்க கேஷியர் மேடம் வீட்டுல கொண்டு போய்க் கொடுக்கணும், அவங்க வீட்டுக்காரர் நேத்துதான் ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்திருக்காராம்."